பழைய பாரிஸ் ஃபேஷன் ஓவியத் தாள்கள்: பார்க்கவும் வாங்கவும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

1912 முதல் 1925 வரை பாரிஸில் வந்த 'கஸேத் து போன் தோன்' இதழின் ஓவியங்களை இணையத்தில் பார்த்து மயங்கி, அசல் தாள் ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டலாமே என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திரையில் தெரிவது அந்த ஓவியத்தில் பாதிகூட இல்லை. அதில் உள்ள வண்ணம் ஒவ்வொன்றும் ஸ்டென்சில் வைத்துக் கையால் தீட்டப்பட்டது. தாளைக் கையில் எடுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் அந்த வேலை கண்ணில் படும். அதைப் பார்க்கப் பழகாமல் நேரே வாங்கப் போகிறவர்கள்தான் அண்மைக்கால ஆஃப்செட் நகலுக்கு அசல் விலை கொடுக்கிறார்கள். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முதலில் பார்க்கப் பழகுங்கள், பிறகு அடையாளம் காணுங்கள், அதற்கப்புறம் பணத்தை எடுங்கள்.

1. எந்தக் காலத்துத் தாள் வேண்டும்?

'பழைய ஃபேஷன் பிளேட்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு சரக்குகள் விற்கின்றன.

முதலாவது, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு, நீர்வண்ணத்தால் கையால் நிறம் தீட்டியவை. 1797 முதல் 1839 வரை வந்த 'ழூர்னல் தே தாம் எ தே மோத்' இதழின் தாள்கள் இந்த வகை. சிறிய தாள், ஒரே உருவம், பின்னணி ஏதும் இருக்காது.

இரண்டாவது, 1840களிலிருந்து 1890கள் வரையிலான எஃகுத் தகட்டு அச்சுகள். வரவேற்பறையிலோ தோட்டத்திலோ இரண்டு மூன்று பெண்கள் நிற்பார்கள். 'லெ மோனித்தூர் தெ லா மோத்' இதழுக்கு வரைந்த ஜூல் டேவிட், 'லா மோத் இலுஸ்த்ரே' இதழுக்கு வரைந்த அனாய்ஸ் தூதூஸ் ஆகியோரின் கையெழுத்துகள் இவற்றில் அடிக்கடி வரும். புதியவர்கள் தொடங்க வேண்டிய இடம் இது. நல்ல நிலையில் உள்ள தாளே பெரும்பாலும் 10 முதல் 40 யூரோவுக்குள் கிடைக்கும்.

மூன்றாவது, 1908க்குப் பிந்தைய போஷ்வார் தாள்கள். போஷ்வார் என்பது நான் மேலே சொன்ன ஸ்டென்சில் முறை. 'கஸேத்' தாள்கள் பெரும்பாலும் 60 முதல் 250 யூரோ வரை போகும். ஓவியர்கள் ஜோர்ஜ் லெபாப், ஜோர்ஜ் பார்பியே பெயர் இருந்தால் விலை ஏறும், ஆடை வடிவமைப்பாளர் போல் புவாரேயின் ஆடையாக இருந்தால் இன்னும் ஏறும்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் மூன்றாவது வகையைப் பற்றியது. கைவேலை மிக நுட்பமானதும் அதில்தான், ஏமாற்று அதிகம் நடப்பதும் அதில்தான்.

2. செலவில்லாமல் கண்ணைப் பழக்குங்கள்

ஸ்மித்சோனியன் நூலகம் 'கஸேத்' இதழ்களை ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் தளத்தில் ஃபேஷன் தாள்களை மிகப் பெரிய அளவில் பெரிதாக்கிப் பார்க்கலாம். பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் 19ஆம் நூற்றாண்டு இதழ்கள் ஏராளம். லாஸ் ஏஞ்சலிஸ் பொது நூலகத்தின் கேஸி தொகுப்பில் 6,000க்கும் மேற்பட்ட கைவண்ணத் தாள்கள் உள்ளன.

எல்லாவற்றையும் மேய வேண்டாம். ஒரே ஓவியரின் 30 தாள்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் தலைப்பு, ஆடை நிறுவனத்தின் பெயர், இதழ் எண், ஆண்டு, தாள் எண் எங்கே அச்சாகியிருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் கடையில் ஒரு தாளைச் சரிபார்க்கும்போது இந்தக் குறிப்புதான் கை கொடுக்கும்.

பாரிஸ், லண்டன் பக்கம் போகிறவர்கள் நேரிலும் பார்க்கலாம். பாரிஸின் ஃபோர்னே நூலகம், லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் போன்ற இடங்களில் முன்கூட்டியே பதிவு செய்து வந்தவர்களுக்குத் தொகுப்புகளை எடுத்துக் காட்டுவார்கள். பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். பார்க்க விரும்பும் பொருளின் பதிவு எண்ணை அவர்களுடைய இணையப் பட்டியலிலிருந்து எடுத்து, சில வாரங்களுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். 'ஃபேஷன் ஓவியங்கள் பார்க்க வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் வேலை நடக்காது. உள்ளே பென்சில் மட்டும்தான், பேனாவுக்கு அனுமதி இருக்காது.

3. ஒரு தாளை எப்படிப் பார்ப்பது

முதலில் வரைந்த கோடுகளைப் பாருங்கள், ஆடை பிறகு. 19ஆம் நூற்றாண்டுத் தாளில் பட்டின் பளபளப்பு நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகளால் வரும். நிழல் தேவைப்படும் இடத்தில் கோடுகள் நெருங்கும், ஒளி விழும் இடத்தில் விலகும். 1908இல் புவாரேக்காக ஓவியர் போல் இரீப் வரைந்த, 250 பிரதிகளே அச்சான ஆல்பத்தில் இந்த முறை அப்படியே கைவிடப்பட்டது. அதில் மெல்லிய ஒற்றைக் கோடும் உள்ளே தட்டையான ஒரே நிறமும்தான். பின்னணியில் உள்ள நாற்காலிக்கும் படச்சட்டத்துக்கும் நிறமே கிடையாது, ஆடைக்கு மட்டும் நிறம். 'கஸேத்' ஓவியர்கள் வந்த பாதை இது.

அடுத்தது வெற்றிடம். தாளில் எவ்வளவு இடம் சும்மா விடப்பட்டிருக்கிறது, உருவம் எந்த ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது, எது பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஜப்பானிய மரக்கட்டை அச்சுகளிலிருந்து பாரிஸ் கற்றுக்கொண்டது இது. 'கஸேத்' ஓவியர் ஆந்த்ரே மார்த்தியின் தாள்களில் மெலிந்த சிறு உருவம், மேலே விரிந்த வெளிறிய வானம். பார்பியேயின் தாளில் உறுதியான வெளிக்கோடு, கிரேக்கக் குடுவைகளிலும் பாரசீகச் சிற்றோவியங்களிலும் இருந்து வந்த அலங்காரம். லெபாப் பெரிய வடிவங்களில் யோசிப்பவர்: தலைப்பாகை, நீண்ட கழுத்து, ஒரே வீச்சில் இறங்கும் மேலங்கி. பியேர் பிரிஸோ வீட்டுக்குள் நடக்கும் காட்சிகளை வரைவார். கையெழுத்தை மூடிவிட்டு யாருடையது என்று சொல்லிப் பார்ப்பது நல்ல பயிற்சி.

மூன்றாவது, உருவம் நிற்கும் விதம். பல தாள்களில் பெண் முதுகைக் காட்டி நிற்பாள், ஏனென்றால் மேலங்கியின் வெட்டு பின்னால்தான் தெரியும். 'கஸேத்' இதழ் ஆடை நிறுவனங்களுடன் ஒப்பந்தம் போட்டு நடந்தது. தொடக்கத்தில் ஷெரூயி, தொய்யே, தூசே, பக்கேன், புவாரே, ரெட்ஃபர்ன், வொர்த் என ஏழு நிறுவனங்கள். ஒரு இதழுக்குப் பத்துத் தாள் என்றால் ஏறக்குறைய ஏழு அந்த நிறுவனங்களின் ஆடை, மீதி மூன்று ஓவியரின் சொந்தக் கற்பனை. தாளின் அடியில் நிறுவனப் பெயர் இல்லையென்றால் அது குறையில்லை, ஓவியர் தானே ஆடை வடிவமைத்த தாளாக இருக்கலாம். அவற்றைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு.

கடைசியாகத் தலைப்பு. லெபாப் 1912இல் வரைந்த புவாரேயின் தியேட்டர் மேலங்கிக்கு 'சீக்கிரம் வந்துவிட்டேனோ?' என்று பொருள்படும் தலைப்பு. ஒரு மேலங்கியை விற்கும் படம், நாடக அரங்குக்கு வந்த பெண்ணின் தயக்கத்தைச் சொல்கிறது. தலைப்பைப் படிக்காமல் போனால் அந்தத் தாளின் பாதி இன்பம் போய்விடும். பிரெஞ்சு தெரியாதவர்கள் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது படித்துவிடுங்கள்.

4. கையில் வைத்துச் சோதித்தல்

தேவையானவை நான்கு: நகைக்கடைகளில் வைத்திருக்கும் 10 மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற சிறு உருப்பெருக்கி, சிறிய டார்ச், புற ஊதா டார்ச், ஸ்கேல். எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும்.

லூப்பைத் தட்டையான நிறப்பகுதியின் மேல் வையுங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சிறு பூ வடிவில் ஒழுங்காகத் தெரிந்தால் அது ஆஃப்செட் நகல். அதற்கு மேல் ஒன்றும் பார்க்க வேண்டாம், தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்க்ஜெட் அச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் தூவியதுபோல் இருக்கும். உண்மையான போஷ்வாரில் புள்ளியே கிடையாது, குவாஷ் என்ற ஒளிபுகாத நீர்வண்ணம் படலமாகப் படிந்திருக்கும்.

அதன் பிறகு நிறத்தின் ஓரத்துக்கு வாருங்கள். மெல்லிய உலோகத் தகட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வடிவம் வெட்டி, தாளின் மேல் வைத்து, குட்டையான அடர்ந்த தூரிகையால் வண்ணத்தைத் தேய்த்தார்கள். ஒரே தாளுக்கு இருபது முப்பது தகடுகள் தேவைப்பட்டதும் உண்டு. தகட்டின் விளிம்பில் வண்ணம் சற்றுத் தேங்கும். கறுப்பு மேலங்கியின் ஓரத்தை லூப்பில் பார்த்தால் அந்த மெல்லிய வரப்பு தெரியும், டார்ச்சைத் தாளோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் நிழலும் விழும். இரண்டு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறியிருக்கும், அல்லது நடுவில் முடியளவு வெள்ளை விட்டிருக்கும். சில இடங்களில் நிறம் அச்சுக்கோட்டைத் தாண்டி அரை மில்லிமீட்டர் வெளியே வந்திருக்கும். இவை எதுவும் குறையில்லை, கையால் செய்ததற்கான சாட்சி. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பொன், வெள்ளி நிறங்களைத் தனியாகப் பாருங்கள். அசலில் அவை உலோகத் தூள். சாய்த்தால் மின்னும், வயதானதால் பழுப்பேறியிருக்கவும் கூடும். நகலில் அந்த இடம் மஞ்சளாகவோ சாம்பலாகவோ செத்துக் கிடக்கும்.

புற ஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள், அந்தக் காகிதம் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிரும். 1913ஆம் ஆண்டுத் தாள் மங்கலாகவே இருக்கும். ஒளிராததால் மட்டும் அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், பழைய வெற்றுத்தாளில் புதிதாக அச்சிடவும் முடியும்.

ஸ்கேல் கடைசியில். 'கஸேத்' தாள் சுமார் 25 செ.மீ. உயரம், 19 செ.மீ. அகலம். சில மில்லிமீட்டர் குறைந்தால் பைண்டிங்கில் வெட்டுப்பட்டிருக்கும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்தால் அடிக்குறிப்பு போயிருக்கிறதா என்று பாருங்கள், போயிருந்தால் விலையும் இறங்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டுத் தாளுக்குச் சோதனை வேறு. வெல்வெட் மடிப்பிலும் நகையிலும் கருவேலப் பிசின் இனத்தைச் சேர்ந்த அரபுப் பிசினைத் தடவியிருப்பார்கள், சாய்வு வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் மெருகாக மினுங்கும். அச்சிட்ட காலத்திலேயே கவனமாக நிறம் தீட்டியிருக்கிறார்கள் என்பதற்கு இது நல்ல அறிகுறி.

5. அடிக்கடி விழும் பள்ளங்கள்

'கோஸ்த்யூம் பாரிஸியன்' என்ற வாசகம். இது ஒருமையில் இருந்தால் 1797–1839இல் வந்த 'ழூர்னல் தே தாம் எ தே மோத்' இதழ். பன்மையில் இருந்தால் 1912–1914இல் அந்த இதழின் பெயரிலேயே மறுபடி வந்த இதழ். கேட்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும், பிரெஞ்சு எழுத்தில் கடைசி 's' ஒலிக்கு உரிய எழுத்துதான் வித்தியாசம். சில விற்பனையாளர்களே குழப்புகிறார்கள். 'ஆன் 8' போன்ற குறிப்பு இருந்தால் அது பிரெஞ்சுப் புரட்சிக் காலண்டரின் ஆண்டு, 1799–1800ஐக் குறிக்கும்.

பிறகு போட்ட நிறம். அந்தக் காலப் பத்திரிகைகளில் கறுப்பு வெள்ளையிலேயே வந்த மரச்செதுக்குப் படங்களைப் பக்கமாகக் கிழித்து, இன்று நிறம் தீட்டி 'கைவண்ணம்' என்று விற்கிறார்கள். சொல் பொய்யில்லை, காலம்தான் பொய். தாளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் கட்டுரை அச்சாகியிருந்து முன்பக்க நிறம் பளிச்சென்று இருந்தால், நிறம் எப்போது போட்டது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஒரே படம், வேறு இதழ்ப் பெயர். இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஜூல் டேவிட்டின் பாரிஸ் தாள்கள் 1860களில் லண்டன் மகளிர் இதழ் ஒன்றிலும் வந்தன. அடிக்குறிப்பின் மொழி மாறியிருக்கும், அதுவும் அசல்தான். விலை மட்டும் வேறாக இருக்கலாம்.

'பார்பியே பாணியில்', 'பார்பியேவைத் தழுவி', 'போஷ்வார் தோற்றம்', 'மியூசியம் தரம்'. இந்தச் சொற்களில் எதைப் பார்த்தாலும் நகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'லிமிடெட் எடிஷன்' என்று பென்சிலால் எண் போட்ட தாளும் அப்படியே, 'கஸேத்' தாள்களில் அப்படி எண் போடும் வழக்கம் இல்லை.

6. விலை பேசும்போது கேட்க வேண்டியவை

பாரிஸில் இருந்தால் ஜோர்ஜ் பிராஸான் பூங்காவில் சனி, ஞாயிறுகளில் கூடும் பழைய புத்தகச் சந்தை நல்ல இடம், தாள்களைக் கையில் எடுத்துப் புரட்டலாம். செய்ன் நதிக்கரைப் பெட்டிக்கடைகளில் சுற்றுலாப் பயணிகளுக்கான நகல்களும் கலந்திருக்கும், லூப் இல்லாமல் போகாதீர்கள். ட்ரூவோ ஏல மண்டபத்தில் ஏலத்துக்கு முந்தைய நாள் பொருள்களைப் பார்வைக்கு வைப்பார்கள். அங்கே ஏலம் முடிந்த விலைக்கு மேல் பெரும்பாலும் 25 முதல் 30 சதவீதம் கட்டணம் சேரும் என்பதைக் கணக்கில் வைத்துக் கை தூக்குங்கள்.

இணையத்தில் வாங்கினால் நான்கு படங்கள் கேளுங்கள்: முழுத்தாள் ஓரங்களோடு, பின்பக்கம், அடிக்குறிப்பு நெருக்கத்தில், சாய்வு வெளிச்சத்தில் ஒரு நிறப்பகுதி. கடைசிப் படத்தை அனுப்பத் தயங்கும் கடையை விட்டுவிடலாம்.

பில்லில் இவை இருக்க வேண்டும்: இதழின் பெயர், ஆண்டு, இதழ் எண், தாள் எண், ஓவியர், முறை, அளவு, நிலை, 'அசல், மறு அச்சு இல்லை' என்ற வாசகம். ஐரோப்பிய ஒன்றிய நுகர்வோருக்கு வணிகரிடம் இணையத்தில் வாங்கியதை 14 நாளில் விலகித் திருப்பும் உரிமை உண்டு. இந்தியாவிலிருந்து வாங்கும் உங்களுக்கு அது தானாக வந்துவிடும் என்று நம்பாதீர்கள். திருப்பி எடுத்துக்கொள்வார்களா, திரும்பும் தபால் செலவு யாருடையது என்று பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள்.

7. இந்தியாவுக்கு வரவழைத்தல்

தாள் 120 யூரோ, பதிவுத் தபால் 25 யூரோ, கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் என்றால் வாசலுக்கு வரும் முன்பே சுமார் 150 யூரோ. அதன் மேல் சுங்கம். சுங்கத்தைப் பொருளின் விலையோடு தபால் செலவையும் காப்பீட்டையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள்.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு வரி என்று முடிவு செய்யும் சுங்க வகைப்பாட்டு எண்ணில்தான் இழுபறி வரும். தகட்டைக் கையாலேயே உருவாக்கி அச்சிட்ட அசல் அச்சுக்கலை 9702இல் வரும். புகைப்பட முறையில் கோடு அச்சாகியிருந்தால் அது அங்கே பொருந்தாது. அப்போது 100 ஆண்டு கடந்த பொருளுக்கு 9706. அதுவும் இல்லையென்றால் சாதாரண அச்சுப்படம் என்று 4911. வரி விகிதம் இவற்றுக்குள் மாறும், அரசும் அவ்வப்போது மாற்றும். அனுப்பும் வாரத்தில் கூரியர் நிறுவனத்தைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பில்லில் அச்சான ஆண்டு தெளிவாக இல்லாவிட்டால் 100 ஆண்டு வாதம் நிற்காது.

கூரியரில் வந்தால் கேஒய்சிக்கு ஆதார் அல்லது பான் நகல் கேட்பார்கள், முன்பே தயாராக வையுங்கள். 'பரிசு' என்றோ குறைந்த விலை போட்டோ அனுப்பச் சொல்லாதீர்கள். அது தவறான அறிவிப்பு, தொலைந்தால் காப்பீடும் கிடைக்காது. தபாலில் இரண்டு முதல் நான்கு வாரம், கூரியரில் ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். சுங்கத்தில் கேள்வி எழுந்தால் அதற்கு மேல்.

பேக்கிங் பற்றி ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்: இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே தட்டையாக, குழாயில் சுருட்டக் கூடாது. சுருட்டினால் குவாஷ் வெடித்துச் செதில் செதிலாக உதிரும், அதைச் சரிசெய்ய முடியாது.

பில்லையும் சுங்கம் கட்டிய சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைப் பின்னாளில் நாட்டைவிட்டு அனுப்பும்போது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்கீழ் இந்தியத் தொல்லியல் துறையின் சான்று கேட்கப்படலாம். எங்கிருந்து எப்போது வந்தது என்பதற்கு இந்தச் சீட்டுகள்தான் ஆதாரம்.

8. பிரேம் கடையில்

வெளிநாட்டிலிருந்து பத்திரமாக வந்த தாள் நாசமாவது இங்கேதான். லேமினேஷன் வேண்டாம். பிளைவுட்டில் ஒட்ட வேண்டாம். செலோடேப் வேண்டாம். இந்த மூன்றையும் கடைக்காரரிடம் வாயால் சொன்னால் போதாது, ரசீதில் எழுதி வாங்குங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று செய்ய வையுங்கள்.

சொல்ல வேண்டியது இது: அமிலமில்லாத மவுண்ட் போர்டு, தாளின் மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் ஜப்பானியத் தாள் பட்டை, கோதுமை மாவுச்சத்துப் பசை. கண்ணாடி தாளைத் தொடக் கூடாது, நடுவில் மவுண்ட்டின் கனம் இருக்க வேண்டும். தொட்டால் மழைக்காலத்தில் குவாஷ் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக்கோ கண்ணாடியோ கிடைத்தால் கூடுதல் பணம் கொடுக்கலாம்.

வெயில் படும் சுவரும், சமையலறையை ஒட்டிய சுவரும் வேண்டாம். வருடத்தில் மூன்று நான்கு மாதம் மாட்டி, மீதிக் காலம் உள்ளே வைத்தால் நிறம் நிற்கும். உள்ளே வைக்கும்போது போஷ்வார் தாளைப் பாலியெஸ்டர் உறையில் போடாதீர்கள், அதன் நிலைமின்சாரம் தளர்ந்த வண்ணத்தைப் பெயர்த்து எடுக்கும். அமிலமில்லாத காகித மடிப்பில், மூடிய பெட்டியில் வையுங்கள். கடலோர ஊர்களில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் அவசியம். பழுப்புப் புள்ளிகளும் சில்வர்ஃபிஷ் பூச்சியும் ஈரத்தில்தான் வரும். ஐப்பசி தொடங்கும் முன் ஒருமுறை திறந்து பார்த்து, ஜெல்லை மாற்றிவிடுங்கள்.

9. படத்தை அச்சிட்டு விற்க நினைத்தால்

தாள் உங்களுடையது, படத்தின் காப்புரிமை உங்களுடையது ஆகிவிடாது. இந்தியாவில் ஓவியர் இறந்து 60 ஆண்டும், பிரான்ஸில் 70 ஆண்டும் காப்புரிமை உண்டு. பார்பியே 1932இலும், ஷார்ல் மார்த்தென் 1934இலும், இரீப் 1935இலும் மறைந்தார்கள், இவர்களுடைய படங்களுக்கு இரண்டு நாட்டிலும் தடையில்லை. பிரிஸோ இறந்தது 1964இல், ஆகவே இந்தியாவில் உரிமை முடிந்துவிட்டது, பிரான்ஸில் முடியவில்லை. லெபாப் 1971இலும் மார்த்தி 1974இலும் இறந்தவர்கள். இவர்களுடைய படங்களை வாழ்த்து அட்டையிலோ டீ ஷர்ட்டிலோ போட வேண்டுமானால் இந்தியாவில் லெபாப்புக்கு 2031 முடியும் வரையும், மார்த்திக்கு 2034 முடியும் வரையும் உரிமையாளரின் அனுமதி வேண்டும்.